அம்மாவின் முழங்காலும் குகைப் படிகளும்

முழங்கால் வலியுள்ள அம்மாவைச் சுண்ணாம்புக்கல் குகைக்கு அழைத்துப் போகலாமா, கேமரா லென்ஸ் மங்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

தூரத்தை விடுங்கள், படிகளை விசாரியுங்கள். ஒரு கிலோமீட்டர் சமதளத்தை அம்மா நடந்துவிடுவார். இருநூறு ஈரப்படிகள் வேறு கதை. டிக்கெட் எடுக்கும் முன்பே போன் செய்து, எத்தனை படிகள், கைப்பிடி முழுக்க உண்டா, பாதியில் திரும்ப முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் உயிர்க்கேள்வி. குழுவாகப் போகும்போது ஒருவரை மட்டும் தனியே திரும்ப பெரும்பாலும் விடமாட்டார்கள்.

அம்மாவைக் கைடுக்கு அடுத்த ஆளாக நடக்க வையுங்கள். வரிசையின் கடைசியில் வந்தால், மற்றவர்கள் நின்று விளக்கம் கேட்கும் நேரமெல்லாம் அவர் நடந்துகொண்டே இருப்பார். கால் ஆறவே ஆறாது. (என் பாட்டியை வைத்துக் கற்ற பாடம்.)

தடுமாறினால், கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதைப் பிடிக்கக் கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில், விழுதை வளர்க்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் சரியாகப் படியாது. விழுதுகள் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. நடுவில் முழு இருட்டைக் காட்ட விளக்கை அணைப்பதுண்டு, அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

லென்ஸ்? குகையின் வெப்பநிலை அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும், ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்கும். வெளியே குளிரென்றால் உள்ளே நுழைந்ததும் மங்கும். வெளியே புழுக்கமென்றால் திரும்பி வரும்போது மங்கும். கேமராவைப் பைக்குள் வைத்தே கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள்.