கிணற்றுச் சூட்டில் கரண்ட் எடுக்கலாமா?

கேள்வி: மார்கழி விடியலில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் வெதுவெதுவென்று வருகிறது. ஐஸ்லாந்தில் பூமிச் சூட்டிலேயே வீட்டைச் சூடாக்கி, கரண்டும் எடுக்கிறார்களாமே. நம் ராமநாதபுரம் கரையில் முடியாதா?
– வாசகர், தொண்டி

பதில்: அந்த வெதுவெதுப்பை நம்பி டர்பைனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்! பெரியபட்டினத்தில் என் அம்மா வீட்டுக் கிணற்றிலும் இதே கதைதான். வாளிக்குள் கைவிட்டால் மார்கழியில் சூடு, சித்திரையில் ஜில்லென்று இருக்கும். தண்ணீர் மாறுவதில்லை, நம் கைதான் ஏமாறுகிறது. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம்தான்.

பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். நீராவி வேண்டுமென்றால் இங்கே பல கிலோமீட்டர் துளைக்க வேண்டும், கட்டுபடியாகாது. ஐஸ்லாந்து, பூமியின் மேலோட்டில் இரண்டு பெரிய நிலத்தட்டுகள் விலகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சூடு மேலாகவே கிடைப்பதால் பத்தில் ஒன்பது வீட்டுக்குக் குழாயில் வெந்நீர் ஓடுகிறது. ஆனால் அங்கேயும் கரண்டில் பெரும்பங்கு அணைத் தண்ணீரில்தான்!

இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904-ல் பூமி நீராவியைக் கொண்டு ஐந்து பல்பு எரித்ததுதான் ஆரம்பம். நம் நாட்டில் பூமிச் சூட்டில் கரண்ட் எடுக்கத் தோதான இடமாக லடாக்கின் பூகா பள்ளத்தாக்கைச் சொல்கிறார்கள். அந்தக் குளிருக்கு வெந்நீர் மட்டும் கிடைத்தாலே பெரிய விஷயம். நமக்கு வீட்டைச் சூடாக்கி என்ன செய்ய? மாடியில் ஏறி நின்றால் போதுமே. அப்புறம், நம் ராமநாதபுரம் பக்கம் வழுதூரில் எடுக்கும் மின்சாரம் எரிவாயுவில் வருவது. அது வேறு சங்கதி.