மறு: போனை வாங்கினால் தலையை முட்டிக்கொள்ளும் 3 வயது மகன்

வணக்கம் சகோதரி. கையிலிருந்து போனைத் திரும்ப வாங்கினதும் பையன் தரையில் விழுந்து தலையை முட்டுகிறான், நீங்கள் உறுதியாக இருந்தாலும் பாட்டி மனசு கேட்காமல் கொடுத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான். எப்போதாவது பலன் தருகிற அழுகை லேசில் விடாது. இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்று பழகிவிட்டான். முதலில் பாட்டியிடம் பேசுங்கள், அவன் தூங்கும் நேரத்தில், குறை சொல்லாமல்.

போனைப் பிடுங்க வேண்டாம். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று முன்கூட்டியே சொல்லி, பட்டனை அவன் விரலாலேயே அழுத்த விடுங்கள். அடுத்த பாட்டு தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டு முடியவே முடியாது.

அழ ஆரம்பித்துவிட்டால் தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு தலையணை. நீங்களும் தரையில் உட்கார்ந்து, "இன்னும் பாக்கணும்னு இருக்கு, கோவமா வருது, இல்லையா கண்ணு?" என்று தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுசாக வளர 20 வயதைத் தாண்டும். மூச்சு சீரானதும் தண்ணீர் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். அப்போது விட்டுக்கொடுத்தால் இன்னும் நீளமாக அழக் கற்றுக்கொள்வான், தயவுசெய்து தாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, காயம் படும் அளவுக்கு முட்டுகிறான் என்றால் காத்திருக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.