கம்பத்திலிருந்து வீட்டுக்குள்: டிராப் கேபிள் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிராப் கேபிளைப் பற்றித்தான். ஃபைபர் இணையத்துக்காகத் தெருப் பெட்டியிலிருந்து வீட்டு மோடத்துக்கு வருகிற அந்தத் தட்டையான கறுப்பு ஒயர். எனவே மற்றதைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நாகப்பட்டினத்திலிருந்து: கம்பத்துக்கும் வீட்டுக்கும் 60 மீட்டர். கடையில் ஸ்டீல், எஃப்.ஆர்.பி. என்று இரண்டு ரகம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

கேபிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் போகிற கண்ணாடி இழை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி. அந்தக் குச்சி ஸ்டீலா, கண்ணாடிநாரும் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்.பி.யா என்பதைத்தான் கடைக்காரர் சொல்கிறார். உங்கள் ஊருக்கு எஃப்.ஆர்.பி.தான் நல்லது; உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, மின்சாரமும் கடத்தாது. ஒரே குறை, மடக்கென்று மடித்தால் ஒடிந்துவிடும்.

ஆனால் 60 மீட்டர் அந்தரத்தில் தொங்க அது போதாது. பக்கத்தில் தனியாக மெசஞ்சர் கம்பி ஒட்டிய ரகம் வேண்டும். இழுவை முழுவதையும் அந்தக் கம்பி தாங்கட்டும். அது பெரும்பாலும் ஸ்டீல்தான். வீட்டுச் சுவர் வரைக்கும் வந்ததும் கம்பியைப் பிரித்துக் கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிடுங்கள். இரும்பு வீட்டுக்குள் வரவே கூடாது. மின்கம்பி அறுந்து மேலே விழுந்தாலோ இடி இறங்கினாலோ அது நேராக மோடத்துக்கு வழி காட்டும். மின்கம்பியை ஒட்டியே போகிற பாதை என்றால் இரும்பே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், வெள்ளை உறை கேபிளை வெளியே இழுக்காதீர்கள். கறுப்பு உறையில் வெயிலைத் தாங்கக் கரிப்பொடி கலந்திருக்கும். வெள்ளை வீட்டுக்குள் ஓட்டத்தான்.

ஃபாஸ்ட் கனெக்டரா, ஸ்ப்ளைசிங்கா? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

இழை முனையில் கையாலேயே மாட்டுகிற செருகி ஃபாஸ்ட் கனெக்டர்; இரண்டு இழைகளை மெஷினில் உருக்கி ஒட்டுவது ஸ்ப்ளைசிங். மெஷின் கையில் இருந்தால் ஸ்ப்ளைசிங். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. உருக்கி ஒட்டினால் வெளிச்ச இழப்பு 0.05 டெசிபலுக்குள் நிற்கும். ஃபாஸ்ட் கனெக்டரில் 0.3 முதல் 0.5 வரை போகும். அந்த வித்தியாசத்தால் லைன் நின்றுவிடாதுதான். நிறுத்துவது வேறொன்று.

ஃபாஸ்ட் கனெக்டருக்குள் தொழிற்சாலையிலேயே பாலிஷ் செய்த குட்டி இழை ஒன்று இருக்கிறது. நீங்கள் வெட்டிய இழை அதன் முதுகில் போய் முட்ட வேண்டும். இடையில் கொஞ்சம் ஜெல். கேபிளின் உறை வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி அந்த அளவுக்கு மாறாது. உறையை ஒழுங்காகக் கவ்வாமல் விட்டால் நாளடைவில் இழை முட்டிய இடத்திலிருந்து நகர்ந்துவிடும். மொட்டை மாடிப் பெட்டியில் போட்ட கனெக்டரால் மதியத்தில் மோடம் சிவப்பு விளக்குக் காட்டி (வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம்), ராத்திரி தானாகச் சரியாவதை நானே பார்த்திருக்கிறேன். மோடத்தில்தான் கோளாறு என்று இரண்டு மோடம் மாற்றிய பிறகு!

ஃபாஸ்ட் கனெக்டர்தான் போடப்போகிறீர்கள் என்றால் வீட்டுக்குள் போடுங்கள். கூடவே வருகிற அளவுகோலில் வைத்து உரியுங்கள், கண்ணளவில் வேண்டாம். 250 மைக்ரான் மேல்பூச்சு போய் 125 மைக்ரான் கண்ணாடி மட்டும் நிற்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒரே திசையில் துடையுங்கள். பிறகுதான் இழையை நேராக வெட்டுகிற கருவியான கிளீவர். கிளீவரில் வெட்டிய முனையை விரலாலோ துணியாலோ தொட்டால் மறுபடி வெட்டத்தான் வேண்டும். உள்ளே தள்ளும்போது இழை லேசாக வில் போல வளைந்தால் முட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த வளைவு இருக்கும்போதே பூட்டுங்கள். பேனாக்கத்தியால் வெட்டி வேலையை முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பச்சைக் கனெக்டரில் நீலத்தைச் செருகலாமா? சரியாக உட்காருகிறதே.

உட்காரும், அதுதான் வில்லங்கம். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் சாய்வில்லாதது. நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும், முனையும் கெடலாம். பச்சைக்குப் பச்சைதான்.

மோடத்தை அடுத்த அறைக்கு மாற்றினேன். கதவு இடுக்கு வழியாகக் கேபிள். அன்றிலிருந்து சிவப்பு விளக்கு.

கதவு நசுக்கியிருக்கும், அல்லது மூலையில் மடிந்திருக்கும். உறையில் ஜி.657.ஏ2 என்ற இழை ரகம் அச்சிட்டிருந்தால் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். பழைய ஜி.652.டி இழைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். மடிப்பை நீக்கியும் விளக்கு மாறாவிட்டால் இழை ஒடிந்திருக்கலாம். கேபிள் முனைக்குள் சிவப்பு லேசர் பேனா அடித்தால் ஒடிந்த இடத்தில், உறை மெல்லியதாக இருந்தால், பளிச்சென்று கசியும்.

வெளிச்சத்தின் பலத்தை அளக்கிற பவர் மீட்டர் மைனஸ் 26 டிபிஎம் காட்டுகிறது. "லைன் ஓடுதுல்ல, விடுங்க" என்கிறார் வந்தவர்.

விடாதீர்கள். ஜிபான் என்கிற வழக்கமான வீட்டு ஃபைபர் முறையில் சாதாரண மோடத்துக்கு எல்லையே மைனஸ் 27; அதற்குக் கீழே போனால் லைன் நிற்கும். ஒரு கணக்குப் போடுவோம். இணைய நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து பிளஸ் 3 டிபிஎம் கிளம்புகிறது. 32 பேருக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரில் 17.5 போகும். 5 கிலோமீட்டர் இழையில் ஒன்றரை, இணைப்புகளில் இரண்டு என்று தாராளமாகவே வைத்தாலும் மைனஸ் 18 வர வேண்டும். மீதி 8 டெசிபல் எங்கே? கம்பத்துப் பெட்டியில் ஒரு முறை, மோடத்து முனையில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டெசிபலைத் தாண்டினால் கோளாறு உங்கள் டிராப் கேபிளில். தாண்டாவிட்டால் அவர்கள் பக்கம். எதற்கும் கனெக்டர் முனையை முதலில் துடைத்துவிட்டு அளக்கட்டும், பாதி நேரம் வெறும் தூசிதான்.

வெட்டிய கண்ணாடி இழைத் துண்டுகளைக் குப்பையில் போடலாமா? வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

அப்படியே போடாதீர்கள். கறுப்பு டேப்பை ஒட்டும் பக்கம் மேலே வைத்து மேசையில் விரித்து, ஒவ்வொரு துண்டையும் அதில் ஒட்டுங்கள். முடிந்ததும் டேப்பைச் சுருட்டி மூடியுள்ள பழைய பாட்டிலில் போட்டுவிடலாம். வெள்ளை டைல்ஸ் தரையில் விழுந்த துண்டு கண்ணுக்கே தெரியாது, காலில் ஏறினால் எடுப்பதும் கஷ்டம். குழந்தை தூங்கும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.