டயாலிசிஸ் செய்துகொண்டே வேலைக்குப் போகிறவர்களை டிவி தொடர்கள் சரியாகக் காட்டுகின்றனவா?

பெரும்பாலும் இல்லை. டயாலிசிஸ் என்றாலே ஆக்சிஜன் முகமூடியோடு ஒருவர் படுத்திருப்பார், வெளியே குடும்பம் அழும், இரண்டு காட்சி தாண்டினால் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிடும்.

உண்மையில் ஹீமோடயாலிசிஸ், அதாவது ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவது, வழக்கமாக வாரம் 3 முறை, முறைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். ஃபிஸ்துலா (ஊசி போடுவதற்காக அறுவை சிகிச்சையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் இரண்டு ஊசிகள்: ஒன்று ரத்தத்தை எடுக்க, மற்றது திருப்பி அனுப்ப. அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, மறு கையால் லேப்டாப்பில் வேலையை முடிப்பவர்கள் உண்டு. அந்தக் காட்சியை ஏன் எடுப்பதில்லை?

விடுபடும் இன்னொன்று, முடிந்தபின் வரும் அசதி. இடைப்பட்ட நாட்களில் உடம்பில் நீர் அதிகம் சேர்ந்திருந்தால், அதைச் சில மணி நேரத்தில் இழுக்கும்போது ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அன்று மாலை ஷிஃப்ட் மிகக் கடினம். தண்ணீரை அளந்து குடிப்பது இதற்காகத்தான். ஃபிஸ்துலா கையில் பிபி பார்க்கக் கூடாது, கனமான பையைத் தொங்கவிடக் கூடாது. சுமை தூக்கிப் பிழைப்பவர் வேலையையே மாற்ற நேரிடலாம். எழுத வேண்டிய கதை இதுதான்.

வயிற்று வழி டயாலிசிஸ் திரையில் அபூர்வம். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, பிறகு கழிவோடு வெளியேற்றிப் புதிதாக மாற்றுவார்கள்: தினமும் சுமார் 4 தடவை, தடவைக்கு ஏறத்தாழ 2 லிட்டர். சுத்தமான அறை இருந்தால் வேலையிடத்திலேயே அரை மணியில் மாற்றலாம். கை கழுவாமல் குழாயைத் தொட்டால் வயிற்றுக்குள் தொற்று வரலாம்.