மழைநாளில் முட்டைப் பெட்டிக்குத் தண்ணீர் எதற்கு?

வாசகர் கேள்வி – வீட்டுக்கோழி

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்தவை. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருப்பதால் சில கேள்விகளை ஒன்றாக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: இயங்கலையில் 24 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) வாங்கினேன். உடன் வந்த தாளில், முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 60 விழுக்காட்டில் வைக்கச் சொல்லியிருந்தது. அப்படியே செய்தேன். ஏழு குஞ்சுகள்தான் வெளியே வந்தன. மீதியை உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுதாக வளர்ந்த குஞ்சுகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, மூக்கில் நீர். சூடு 37.7 பாகையில்தான் இருந்தது. எங்கே தவறு?

பதில்: தண்ணீரில். முட்டை அடையில் இருக்கும் நாளெல்லாம் ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரத்தை இழந்துகொண்டே வர வேண்டும். வைத்த நாளில் இருந்த எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை 18-ஆம் நாளுக்குள் குறைந்தாக வேண்டும். அப்படிப் போன ஈரத்தின் இடத்தைத்தான் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை பிடித்துக்கொள்கிறது. ஓட்டைக் கொத்துவதற்கு முன்பே குஞ்சு தன் அலகை அந்தக் காற்றறைக்குள் நீட்டி முதல் மூச்சை இழுக்கும். பெட்டி எந்நேரமும் ஈரமாக இருந்தால் காற்றறை வளராது. குஞ்சும் நீர் கோத்து உப்பிப்போய், உள்ளே திரும்ப இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அலகை நீட்டிய இடத்தில் காற்றுக்குப் பதில் நீர்தான் இருக்கும். நீங்கள் கண்டது அதுதான்.

அடுத்த முறை முட்டை வைக்கும் முன் பெட்டியைத் தண்ணீரில்லாமல் ஒரு நாள் ஓட விடுங்கள். காற்றுத் துளைகள் திறந்திருக்கட்டும். நம் பக்கத்தில் ஈரப்பத மீட்டர் 45-க்கும் 50-க்கும் நடுவில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டிய அளவும் அதுவே. ஆகவே கிண்ணம் காலியாகவே இருக்கட்டும். 18-ஆம் நாள் முடிந்ததும் முட்டை திருப்புவதை நிறுத்திவிட்டு, அப்போது தண்ணீர் ஊற்றி 65 முதல் 70 வரை ஏற்றுங்கள். ஏற்றத்தைத் தீர்மானிப்பது நீரின் ஆழமல்ல, பரப்பு. ஆழமான குவளையைவிட அகலமான தட்டு நல்லது. அதுவும் போதாவிட்டால் ஈரப் பஞ்சு ஒன்றைத் தட்டில் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: வெளியே மழை கொட்டும்போது வீட்டுச் சுவர் மீட்டர் 95 காட்டுகிறது. அதே காற்றுதானே பெட்டிக்குள்ளும் போகிறது? உள்ளே மட்டும் எப்படி 48? மீட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. நல்ல கேள்வி, இது புரிந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். மீட்டர் காட்டும் எண், காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதல்ல. அந்தச் சூட்டில் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே. காற்று சூடானால் தாங்கும் அளவு கூடும், அதனால் எண் இறங்கும். மழையில் 25 பாகை, 95 விழுக்காடு என்று இருக்கும் காற்றை 37.5 பாகைக்குச் சூடேற்றினால் ஏறத்தாழ 47 ஆகிவிடும். நண்பகலில் 32 பாகை, 65 விழுக்காடு உள்ள காற்றைச் சூடேற்றினாலும் 48-தான். மழையும் வெயிலும் வெளி மீட்டரை ஆட்டிவைக்கின்றன. காற்றில் உள்ள நீரின் அளவோ நம் தாழ்நிலத்தில் பெரிதாக மாறுவதில்லை. வறண்ட காற்று வீசும் வாரங்களில் பெட்டிக்குள் 40-ஐ ஒட்டி இறங்கலாம். அப்போது மட்டும் ஒரு புட்டி மூடியளவு நீர் வைத்தால் போதும்.

இதே கணக்கில் இன்னொன்று: பெட்டியை ஏர்கோன் அறையில் வைக்காதீர்கள். 24 பாகை, 55 விழுக்காடு உள்ள அறைக் காற்று பெட்டிக்குள் 25 விழுக்காடு ஆகிவிடும். முட்டை காய்ந்துபோகும். தகரக் கூரைக்கு நேர் கீழே, வெயில் விழும் சன்னலோரம், அடுப்புப் பக்கம் ஆகிய இடங்களும் வேண்டாம். அங்கே மதியத்தில் அறையே 35-ஐத் தொட்டுவிட்டால், பெட்டிக்குள் கூடும் சூட்டை வெளியேற்ற வழியே இருக்காது.

கேள்வி: எல்லாம் மீட்டரை வைத்துத்தான் சொல்கிறீர்கள். என்னிடம் இரண்டு மீட்டர். ஒன்று 44, ஒன்று 57 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் இரண்டையும் உப்பில் சோதியுங்கள். புட்டி மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டுக் களி போல் நனையுங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பையில் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். ஈர உப்பு உள்ள பைக்குள் ஈரப்பதம் 75-இல் நிற்கும். உங்கள் மீட்டர் 82 என்றால் அது ஏழு கூட்டிச் சொல்கிறது. அதைக் கழித்துப் படியுங்கள்.

ஆனால் எங்களைக் கேட்டால், மீட்டரைவிட நம்பத் தகுந்தது சமையலறைத் தராசு. கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டை பத்து, ஒவ்வொன்றும் 45 கிராம் என்று வையுங்கள். மொத்தம் 450 கிராம். அதில் 12 விழுக்காடு 54 கிராம். பதினெட்டு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3 கிராம். ஆறாம் நாள் 432, பன்னிரண்டாம் நாள் 414, பதினெட்டாம் நாள் 396 இருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் 422 என்றால் ஈரம் அதிகம்: நீர் இருந்தால் எடுங்கள், துளைகளைத் திறந்து விடுங்கள். 405 என்றால் காய்கிறது: சிறிது நீர் வையுங்கள். எண் சற்று முன்பின் இருந்தால் பதற வேண்டாம், மீதி நாட்களில் சரிக்கட்டலாம். கூமுட்டை என்று எடுத்துப் போட்டதைக் கணக்கில் கழிக்க மறந்துவிட்டு, "எடை ஒரேயடியாகக் குறைகிறது" என்று எழுதுவோரும் உண்டு. ஆகவே ஒவ்வொரு முட்டையின் எடையையும் பென்சிலால் ஓட்டிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: மீன் பெட்டியில் (வெள்ளை நுரைப்பெட்டி) நானே செய்த இன்குபேட்டர். டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி), ஒரு பல்பு, காற்றாடி கிடையாது. சூடு 36-க்கும் 39-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. போன முறை 19-ஆம் நாளே சில பொரித்தன, சில 23-ஆம் நாள்.

பதில்: பல்பு எந்த வகை என்று எழுதவில்லை. எல்.இ.டி. என்றால் அது இதற்கு உதவாது. பழைய இழை பல்புதான் சூடு தரும். ஒரு 50 வாட்டுக்குப் பதில் இரண்டு 25 வாட் போடுங்கள். ஒன்று எரிந்துபோனாலும் மற்றது தாங்கும். பல்புக்கும் நுரைச்சுவருக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம், நடுவே கம்பி வலை. நுரைப்பெட்டி உருகும், தீயும் பிடிக்கும்.

ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தெர்மோஸ்டாட்டின் அமைப்பு. செட் பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் பி0, பி1 என்று வரும். பி0-ஐ எச் என்று வையுங்கள், அது சூடேற்றுவதற்கு. பி1 என்பது பல்பு அணைந்தபின் எத்தனை பாகை இறங்கினால் மறுபடி எரியலாம் என்பது. வாங்கும்போது அது 2-இல் இருக்கும், உங்கள் தொல்லை அங்கேதான். 0.3-க்குக் குறையுங்கள். 0.1 வேண்டாம், ரிலே (பல்பை ஏற்றி அணைக்கும் சுவிட்சு) ஓயாமல் டக் டக்கென்று அடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும். நிறுத்தும் சூட்டை 37.8-இல் வைத்தால் சராசரி 37.6-ஐ ஒட்டி நிற்கும்.

அந்தக் கணக்கு காற்றாடி உள்ள பெட்டிக்கு. காற்றாடி இல்லாவிட்டால் மேலே சூடு, அடியில் குளிர்ச்சி. முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.8 வரை வைத்தால்தான் நடுவில் சரியாக இருக்கும். ஓரத்து முட்டைக்கும் நடு முட்டைக்கும் அப்போதும் வித்தியாசம் வரும். சூடு கூடிய முட்டை முன்னதாகவும், குறைந்தது பின்னதாகவும் பொரிக்கும். 19-ஆம் நாள் வந்தவற்றின் தொப்புள் சரியாக மூடாமல் இருந்திருக்கும், பாருங்கள். பழைய கணினியில் உள்ள 12 வோல்ட் காற்றாடி ஒன்று போதும். அது முட்டைமேல் நேராக வீசாமல் சுவரைப் பார்த்து வீசட்டும். தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி முட்டை மட்டத்தில், பல்பு நேராகத் தெரியாத இடத்தில் தொங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் சொல்வது மெய்யா என்று பார்க்க, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி இருக்கவே இருக்கிறது. 38 பாகை அளவு வெதுவெதுப்பான நீரில் அதன் முனையையும் உணர்கம்பியையும் சேர்த்துப் பிடியுங்கள். வெப்பமானி 37.9, தெர்மோஸ்டாட் 38.6 என்றால் பிழை திருத்தும் பி4-இல் மைனஸ் 0.7 போடுங்கள்.

கேள்வி: பேரங்காடியில் வாங்கிய ஏ கிரேடு முட்டை பொரிக்குமா?

பதில்: பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் பெட்டைகள் மட்டுமே, சேவல் கிடையாது.

கேள்வி: சுங்கை சிப்புட்டில் அண்ணன் தண்ணீரே வைக்காமல் பொரிக்க வைக்கிறார். கேமரன் மலையின் தானா ராத்தாவில் நான் அதையே செய்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. முட்டையும் அவர் வீட்டு முட்டைதான்.

பதில்: முட்டை ஒன்றானாலும் காற்று வேறு. கேமரன் மலையில் 18 பாகையில் இருக்கும் காற்றை 37.5-க்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 28-ஐ ஒட்டி இறங்கிவிடும். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் ஓட்டின் வழியே ஈரமும் சற்று வேகமாகப் போகும். நீங்கள் முதல் நாளிலிருந்தே தண்ணீர் வைக்கத்தான் வேண்டும்: 50 முதல் 55 வரை வைத்து, எடையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பெட்டிக்குள் ஊற்றும் நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

கேள்வி: 19-ஆம் நாள் இரவு மூன்று மணி நேரம் கரண்டு போனது. கெட்டியான போர்வையால் பெட்டியை முழுதாக மூடினேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

பதில்: குளிரில் செத்திருக்க வாய்ப்பு குறைவு. கடைசி நாட்களில் குஞ்சு தானே சூட்டை உண்டாக்கும், காற்றும் அதிகம் கேட்கும். மூன்று மணி நேரம் சூடில்லாமல் இருப்பதை நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் அது தாங்கும். மூச்சு முட்டுவதைத் தாங்காது. போர்வை காற்றுத் துளையை அடைத்திருக்கும். முதல் இரண்டு வாரத்தில் கரண்டு போனால் பெட்டியைத் திறக்காமல் துணி போர்த்துங்கள், துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். நேரம் நீண்டால் வெந்நீர்ப் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். 18-ஆம் நாளுக்குப் பிறகு போர்வையே வேண்டாம்.

கேள்வி: முட்டையில் விரிசல் விட்டு எட்டு மணி நேரமாகிறது. குஞ்சு சத்தம் போடுகிறது, வெளியே வரவில்லை. ஓட்டை உரித்து எடுக்கலாமா? பாட்டி வேண்டாம் என்கிறார்.

பதில்: பாட்டி சொல்வது சரி. முதல் விரிசலுக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரை குஞ்சு ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில்தான் சவ்வின் இரத்த நாளங்களில் உள்ள இரத்தமும் மீதி மஞ்சள் கருவும் உடலுக்குள் போகின்றன. முன்னதாக உரித்தால் இரத்தம் கசியும், மஞ்சள் கரு வெளியே தொங்கும். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கெடுதல். ஒவ்வொரு முறையும் ஈரப்பதம் விழும், நனைந்திருந்த சவ்வு வெள்ளைத் தாளாகக் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். முதலில் பொரித்த குஞ்சுகளை எடுக்கவும் அவசரம் வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சள் கருவை வைத்தே ஒரு நாள் முழுக்கத் தீனி, தண்ணீர் இல்லாமல் இருக்கும். 24 மணி நேரம் தாண்டியும் விரிசல் அப்படியே நின்று, சவ்வு காய்ந்து பழுப்பாகத் தெரிந்தால், வெதுவெதுப்பான நீரில் தோய்த்த பஞ்சால் சவ்வை மட்டும் நனைத்து, விரிசலைச் சுற்றி ஓட்டைச் சிறிது சிறிதாக எடுங்கள். சிவப்பு நரம்பு கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, முட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும்.