படகு மரம் மக்கினால்: தடைக்காலக் கேள்வி பதில்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகைச் சுரண்டிப் பார்க்கும்போதுதான் உள்ளே இருக்கும் சீக்கு தெரியவரும். மர வேலை, பைபர் வேலை இரண்டும் செய்கிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம்: அண்ணே, பழைய பைபர் போட் ஒன்று வாங்கினேன். என்ஜினை முடுக்கினால் பின்பலகை ஆடுகிறது. வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே மரம் போயிருக்குமா?

போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பைபர் போட் என்று பெயர் இருந்தாலும், என்ஜினைத் தாங்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான் இருக்கும். போல்ட் துளை வழியே இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. வெளித்தோல் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மக்கிவிடும்.

சின்னச் சுத்தியலால் பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், மக்கிய இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகம் உள்ள இடத்தில், படகின் உள்பக்கமிருந்து, கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளை போடுங்கள். உலர்ந்த மரத்தூள் வந்தால் பிழைத்தீர்கள். கறுப்பாக ஈரச் சக்கை வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும்.

வெளித்தோலைத் தொடாதீர்கள், படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். உள்தோலைச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குல விளிம்பு விட்டு வெட்டி எடுங்கள். மக்கிய மரத்தை உளியால் கடைசித் துணுக்கு வரை தோண்டிவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள். ஆள்கள் அவசரப்படுவது இங்கேதான். ஈரத்தின் மேல் ரெசின் பூசினால் அடுத்த சில வருடங்களில் இதே வேலை திரும்ப வரும்.

புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். கடைக்காரர் ஐஎஸ் 303 முத்திரை உள்ளதைக் காட்டி “இதுவும் தண்ணீர் தாங்கும்” என்பார். வீட்டு அலமாரிக்கு அது போதும், படகுக்கு வேண்டாம். பழைய கனத்துக்கு ஏற்ப இரண்டு அடுக்காக ஒட்டி, கெட்டியாக்கிய எப்பாக்சிப் பசையைப் பரப்பி, காற்றிடைவெளி இல்லாமல் வெளித்தோலோடு அழுத்துங்கள். கடைசியில் போல்ட் துளை: தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீரும் மரத்தைத் தொடாது.

பாம்பன்: எங்கள் மரப்படகில் எப்போதும் கடல்நீரில் கிடக்கும் அடிப்பலகை நன்றாக இருக்கிறது. மேல்தளமும் அதன் கீழுள்ள சட்டமும்தான் இற்றுப்போகின்றன. ஏன்?

மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. முழுக்க நீரில் ஊறிக் கிடந்தால் காற்று கிடைக்காது, உப்பும் அதற்கு ஆகாது. உங்கள் மேல்தளத்தைத் தின்பது மழைத்தண்ணீர். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் நீரும் நல்ல தண்ணீர்தானே, அதையும் பாருங்கள். பலகையை மாற்றுமுன் தண்ணீர் இறங்கும் வழியைக் கண்டுபிடித்து அடைக்காவிட்டால் புதுப் பலகைக்கும் இதே கதிதான். வேலை முடிந்ததும் தளத்தை இரண்டு வாளிக் கடல்நீரால் அலசிவிடும் பழக்கம் மிக நல்லது.

யாழ்ப்பாணம்: அண்ணை, எப்பாக்சி சரியான கூடின விலை. போட் கட்டேக்கை பாவிச்ச அதே ரெசினாலை பலகையையும் ஒட்டினா காணாதோ?

காணாது, தம்பி. போட் கட்டும் பாலியஸ்டர் ரெசின் கண்ணாடி இழையோடு நன்றாகப் பிடிக்கும், மரத்தோடு அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்ச நாளில் பட்டையாக உரியும். மரம் படும் இடத்தில் மட்டுமாவது எப்பாக்சி போடுங்கள்.

எப்பாக்சிக்கு நெய்த துணியைப் பயன்படுத்துங்கள். சாதாரண மேட்டில் (நறுக்கிய கண்ணாடி இழைப் பாயில்) இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் அது விறைத்தே நிற்கும். எப்பாக்சியை இறுக வைக்கும் ஹார்டனரை அதிகமாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டப்பாவில் போட்ட விகிதத்தை மாற்றினால் இறுகாமலே போகும்.

பாலியஸ்டர் பாவிக்கும் எல்லோருக்கும் ஒன்று: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

மல்லிப்பட்டினம்: ஐயா, விசைப்படகில் ஏழெட்டு வங்கு (விலா எலும்பு போன்ற சட்டம்) அடியில் உளுத்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரேயடியாக மாற்றலாமா?

வேண்டவே வேண்டாம். வங்குகளை மொத்தமாகப் பிடுங்கினால் பலகைகள் தம் இஷ்டத்துக்கு விரியும், படகின் உருவமே மாறிவிடும். முதலில் ஏராவுக்கு (படகின் முதுகெலும்பான அடிமரத்துக்கு) அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, அணியத்திலிருந்து (முன்பக்கம்) அமரம் (பின்பக்கம்) வரை நூல் பிடித்து நேராக இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றுங்கள். மரத்துக்குக் கருவேலம் அல்லது வாகை. வளைவுக்கேற்ப இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடுங்கள், நேர்மரத்தை வளைவாக அறுத்தால் ரேகை வெட்டுப்பட்டு அங்கேயே பிளக்கும். பக்கத்தில் துணை வங்கு வைத்துப் போல்ட் போடுவதானால், எல்லாத் துணை வங்கும் ஒரே பலகையில் முடியாதபடி ஏற்றியும் இறக்கியும் நிறுத்துங்கள்.

கடலூர்: மரப்படகு முழுக்க மேலே பைபர் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

காய்ந்த புது மரத்துக்குச் செய்தால் பலன் உண்டு, மரம் குடையும் கப்பல் புழு நுழையாது. பல வருடம் கடலில் கிடந்து ஊறிய பழைய படகுக்குச் செய்தால், உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கிறீர்கள். பலகை ஊறி உப்பும்போது பைபர் விட்டுப்போகும், அந்த இடுக்கில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பழைய படகுக்கு ஒழுங்காகக் கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளைப் பஞ்சு திணித்து அடைத்து) வர்ணம் பூசுவதே மேல்.

தூத்துக்குடி: அடிப்பலகையில் ஊசி முனை அளவு துளைகள். பயப்பட வேண்டுமா?

பயப்படத்தான் வேண்டும். கப்பல் புழு குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளரும், வெளித்துளை மட்டும் அப்படியே சின்னதாக இருக்கும். கரையில் நன்றாக உலர்ந்தால் செத்துவிடும், ஆனால் குடைந்த வழி அப்படியே இருக்கும். அந்தப் பலகையை ஓர் இடத்தில் வெட்டிப் பாருங்கள்.

கொடைக்கானல்: எங்கள் விடுதியின் பழைய பிளைவுட் படகில் அடிப்பகுதி மெத்தென்று ஆகிவிட்டது. மரத்தைக் கெட்டியாக்கும் திரவம் ஊற்றினால் போதுமா?

போதாது, அம்மா. அந்தத் திரவம் மேல்பரப்பைக் கல்லாக்கும், இழந்த பலத்தைத் திருப்பித் தராது. கூரான குத்தூசியால் நெம்புங்கள்: நல்ல மரம் நீளச் சிராயாகக் கிளம்பும், மக்கியது குறுக்கே பொடுக்கென்று உடையும். உடைகிற இடத்தைத் தாண்டி ஓரடி நல்ல மரம் வரை வெட்டி எடுத்து, கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்துப் புதுப் பலகையை ஒட்டச் சொல்லுங்கள். ஏரித்தண்ணீரும் மழைத்தண்ணீரும் ஒன்றுதான், உங்களுக்கு உப்பின் காவலும் இல்லை. படகை மூடும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாமல், இரு முனையிலும் காற்று போக இடம் விடுங்கள்.

ராமேஸ்வரம்: எந்த நிலையில் இனி செலவு செய்யாதே என்பீர்கள்?

பலகை, வங்கு, தளம் எல்லாவற்றையும் மாற்றலாம். ஏரா நடுவில் மேலே தூக்கி வளைந்திருந்து, அதன் மரமும் போல்ட் துளைகளைச் சுற்றி மக்கியிருந்தால் நான் கை வைக்க மாட்டேன். அந்தப் படகில் ஆள்கள் கடலுக்குப் போகிறார்கள். என்ஜினையும், போல்ட்களில் துரு ஏறாததையும் கழற்றி வைத்துக்கொண்டு, புது ஏரா போட்டுப் புதுப் படகே கட்டும் செலவை ஓர் ஓடாவியிடம் (படகுத் தச்சரிடம்) கேளுங்கள்.