ஷூவைக் கழற்றியதும்

அன்புள்ள அண்ணா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாராவாரம் ஷிஃப்ட் மாறும். காலை நாலு மணிக்கு எழுந்து தியானம், நடை, சிவபுராணம், ராத்திரி டைரி என்று தை மாதம் ஆரம்பித்தேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். முதல் ஷிஃப்ட் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் ஷிஃப்ட்டில் வீடு வந்து சேரவே நடுராத்திரி. அதோடு நின்றது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. எனக்கு மனஉறுதியே இல்லையோ? சாமி முன்னால் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகர், சூளகிரி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரி மனதைக் கஷ்டப்படுத்திவிட்டது. பழக்கம் விட்டுப்போனதைவிட இந்தக் கூச்சம்தான் பெரிய நஷ்டம். முதலில் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள், அப்புறம் இதைப் படிக்கலாம்.

உங்கள் உறுதியில் குறை எதுவும் இல்லை. மூன்றாம் ஷிஃப்ட் வாரத்தில் காலை நாலு மணிக்கு நீங்கள் மெஷின் முன்னால் நிற்பீர்கள். வாராவாரம் மாறுகிற நேரத்தோடு கட்டிய பழக்கம் எப்படி நிற்கும்? நேரத்தை விட்டுவிடுங்கள். தினமும் எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்.

எங்கள் அப்பாவுக்குப் பாலக்கோடு பக்கம் ராகிக் கொல்லை. சில நாள் வெயில் இருக்கும்போதே வீடு திரும்புவார், அறுப்புக் காலத்தில் நன்றாக இருட்டிவிடும். வந்ததும் மாட்டைக் கட்டுவார். தொட்டியில் சொம்பை முக்கிக் காலில் ஊற்றுவார். ஒரு குதிகாலை இன்னொரு காலால் தேய்க்கும்போதே வாய் ‘நமச்சிவாய’ என்று ஆரம்பித்திருக்கும். விளக்கு வரை நடந்து வருவதற்குள் ஐந்தாறு வரி முடிந்துவிடும். அவ்வளவுதான் அவர் பூஜை. சாவு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினால் அந்த இரண்டு நாளும் கிடையாது. திரும்பி வந்த அன்று விட்டதைச் சேர்த்துச் சொல்லவும் மாட்டார். தண்ணீர் காலில் பட்டதும் மறுபடி ஆரம்பமாகும்.

அந்த 21 நாள் கணக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகிறது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளிவந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல, தினம் நடக்கிற ஒன்றோடு சேர்த்துத்தான் அவர்களும் புதுப் பழக்கத்தைச் செய்தார்கள். அது தன்னால் வருகிற நிலைக்குச் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் சொம்புதான் கண்முன் வந்தது.

எந்த ஷிஃப்ட்டானாலும் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவீர்கள், கை கால் கழுவுவீர்கள். அந்த ஈரத்தோடு சாமி முன்னால் நில்லுங்கள். சிவபுராணம் 95 அடி. அலுத்து வந்தவருக்கு அது அதிகம். ‘வாழ்க’ என்று முடிகிற முதல் ஐந்து அடி போதும். தெம்பு இருக்கிற நாளில் முழுவதும் சொல்லுங்கள், மறுநாளும் அவ்வளவு சொல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தைக் குறைத்துத் தியானம் வேண்டவே வேண்டாம். மெஷினில் கை வைக்கிறவர் நீங்கள், தூக்கம் கெட்டால் ஆபத்து. நடைக்கு, கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினால் சரி. டைரியை மாங்காய் சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட் என்றால் நீங்கள் வரும்போது வீட்டில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள். விளக்குகூட ஏற்ற வேண்டாம், வாய்க்குள்ளேயே சொல்லுங்கள்.